ஏழு குடம் தண்ணி

செவ்வந்தி தலக்கனம் புடிச்சவள்னு எங்க ஆபீஸ்ல சொல்லுவாங்க. பொய்யி. அவளுக்கு ஊரு ஏதாவது பேசிடுமோன்னு பயம், அவ்ளோதான். நான் கமலா, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால அந்த இன்ஜினியர் ஆபீஸ்ல மேப் போடறவ. அஞ்சு வருசமா அவ பக்கத்துல குந்திக்கினு ஒண்ணா சோறு துன்னவ சொல்றேன், கேளுங்க.

அவங்க ஊரு ரிஷிவந்தியம் பக்கம். ஏரிக்குக் கீழ கெழக்குத் தெரு. அம்மா கொளஞ்சியம்மாள் நடவுக்குப் போவும், அப்பா இருசப்பன் கரும்பு வெட்டுவாரு. அந்த வூட்லேர்ந்து சென்னைக்குப் போயி, தண்ணி எப்படி ஓடும்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போடற படிப்பு படிச்சா. அப்பாவுக்கு முதுகு போனதும் திரும்பி வந்துட்டா.

தண்ணிய லட்சக்கணக்குல புள்ளியா பிரிச்சிக்குவா. ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியத் தள்ளும். எது எங்க போய் நிக்குதுன்னு பாத்தா வெள்ளம் எங்க நிக்கும்னு தெரியும்.

நம்ம ஊரு மாவட்டமான மறு வருசம் அவங்க ஏரியே வேலையா வந்துச்சி. கல்வராயன் மலையில கொட்டுற மழ அந்த ஏரிக்குத்தான் வரும். கர ஒடஞ்சா தண்ணி எதுவரைக்கும் வரும்னு மேப்ல கோடு போடணும். கோட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு மேட்டுல புது வூடு. வெளிய இருக்கறவங்க அங்கியே கெடக்க வேண்டியதுதான்.

கம்ப்யூட்டர்ல கணக்க மொத தடவ ஓட்டுனப்ப தண்ணி கெழக்குத் தெருவுக்கு முன்னாடியே நின்னுடுச்சி. எனக்கு சந்தோசம். அவ மூஞ்சி செத்துப்போச்சு.

"அக்கா, நூறு குடம் வுட்டேன்னு வச்சுக்க. கடைசில அளந்தா தொண்ணூத்தி மூணுதான் இருக்குது."

"ஆவியா போயிருக்கும்டி."

"வெளயாடாதக்கா. தண்ணிய அமுக்கி சுருக்கவே முடியாது. ஆனா கம்ப்யூட்டர்ல மேலாப்புல இருக்கற புள்ளிக்கு பக்கத்துல ஆளு கம்மி, கணக்கு தடுமாறுது. புள்ளிங்க நெருக்கிக்கினு மொத்தமே சுருங்கிடுது. அந்த ஏழு குடமும் எங்க தெருவுக்கு வர வேண்டிய தண்ணி."

புள்ளிய இன்னும் பொடியாக்கி, நேரத்தையும் பொடிப்பொடியா நறுக்கி மறுபடி ஓட்டணும், ஒம்போது நாளு ஆவும்னா. ரிப்போர்ட்டோ திங்கக்கெழம குடுக்கணும்.

முதலாளி அரங்கநாதன் கெட்டவரு இல்ல. "டைம் கேட்டு வாங்கறேம்மா. ஆனா கோடு உங்க தெருவத் தாண்டுச்சின்னா ஜனங்க இன்னா பேசும்? தன் வூட்டுக்காக இந்தப் பொண்ணு கோட்ட இழுத்துக்கினான்னுதான் பேசும். ரோசன பண்ணி சொல்லு."

அட கருமமே, பேசிட்டுப் போவட்டுமே! ஊரு வாய மூட ஒலமூடி இருக்குதா? ஆனா அவ, "இருக்கறதையே குடுத்துடுங்க சார்"னுட்டா. வேற தெருவா இருந்தா சண்ட போட்டே இருப்பா. தன் தெருன்னதும் வாய் அடச்சிப்போச்சு. இப்பிடியும் ஒருத்தி தனக்குத் தானே சூனியம் வச்சிக்குவாளா?

ரிப்போர்ட் போன பின்னால மனசு கேக்காம ஒம்போது நாளும் ஓட்டுனா. கெழக்குத் தெருவுல கழுத்தளவு தண்ணி. அத எடுத்துக்கினு மனுவோட கலெக்டர் ஆபீசுக்கு ஓடுனா. அங்க இருந்தவங்க, "அப்ப மொதல்ல நீ கையெழுத்துப் போட்டது பொய்யா?"ன்னு கேட்டு மனுவ வாங்கி வச்சிக்கினாங்க. இன்னிக்கும் அங்கதான் கெடக்குது.

அந்த வருசமே மழ புடிச்சிக்கிச்சி. ஏரி ரொம்பி வழிஞ்சி கோடி போச்சு. அவங்க ஊருல கோடி போனா கரையிலயே கெடா வெட்டி பொங்க வைக்கறது வழக்கம். கர ஒரு எடத்துல கசியுது, மண்ணு மூட்ட அடுக்கறாங்க, இந்தப் பக்கம் பொங்கலும் வைக்கறாங்க! பள்ளிக்கூடத்துக்குப் போங்கன்னு ஆட்டோவுல மைக் வச்சி கத்துறாங்க. கெழக்குத் தெருவுல ஒரு ஆளு நவுரல.

"எம் பொண்ணு போட்ட கோடுங்க இது. எங்களுக்குத் தண்ணி வராது"ன்னுச்சி கொளஞ்சியம்மாள்.

"யம்மா, அந்தக் கோடு தப்பும்மா"ன்னு செவ்வந்தி கால்ல வுழாத கொறையா கெஞ்சினா.

"கண்ணு பட்டுடும்னு பயப்படுது புள்ள"ன்னு தெருவே சிரிச்சிச்சி.

கர அந்த வாட்டி தாங்கிடுச்சி. அதான் வெனையே. கோடு செரின்னு ஆயிப்போச்சு. அவளுக்கு மால போட்டாங்க. மேட்டுல வூடு வாங்குன ரெண்டு குடும்பம் அத வுட்டுட்டு கெழக்குத் தெருவுல வூட்டு மன கேட்டு வந்துட்டாங்க. இப்ப ஒவ்வொரு ஐப்பசிக்கும் அவளுக்கு சோறு எறங்காது. மலைப்பக்கம் கருத்தா போனுல மழ அளவு பாத்துக்கினே இருப்பா.

போன மாசம் அங்கன்வாடிக்கு எடம் தேடுனாங்க. தண்ணி வராத எடமா வேணுமாம். கெழக்குத் தெருவையே எடுத்துக்கினாங்க. மொத கல்ல செவ்வந்திதான் வைக்கணும்னு ஊரே கூப்டுச்சி. என்னையும் இட்டுக்கினு போனா.

"வேணாம், இங்க வேணாம்"னு வாயத் தொறந்தா. கொளஞ்சியம்மாள் கையப் புடிச்சி அழுத்துச்சி. "நல்ல காரியத்துல அபசகுனமா பேசாத. எல்லாரும் பாக்கறாங்க."

எல்லாரும் பாத்துக்கினுதான் இருந்தாங்க. பதினெட்டு கொழந்தைங்க வரிசையா நின்னு கை தட்டுச்சிங்க. செவ்வந்தி குனிஞ்சி கல்ல வச்சா. நானும் வாயப் பொத்திக்கினு நின்னேன்.