அப்பாவின் தோளில் இருந்த இரும்பு

எங்கள் அப்பா ராணுவத்தில் சமையல்காரராக இருந்தவர். ஆனால் வீட்டில் அவர் கையால் ஒரு டம்ளர் வெந்நீர்கூட யாரும் வாங்கிக் குடித்ததில்லை. இது எப்படி என்று சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரே குடைச்சல்.

"சமையல்காரரக் கட்டிக்கிறே, உனக்கென்னடி குறைச்சல்னு என் கூட்டாளிங்க எல்லாம் வயித்தெரிச்சல் பட்டாளுங்க. இங்க வந்து பாத்தாதானே தெரியுது, இந்த மனுசனுக்கு அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது" என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அப்பா சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவார்.

அம்மா சொல்வது சரியில்லை. அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவரை விட நன்றாகத் தெரிந்தவர் எங்கள் வீட்டில் கிடையாது. வெளியே கிளம்பும்போதெல்லாம் கேஸ் அடுப்பின் குமிழைத் திருகிப் பார்ப்பார். தெருமுனை வரை எங்களோடு வருவார். அங்கே நின்று, "ஒரு நிமிஷம், இதோ வந்துடறேன்" என்று மறுபடியும் வீட்டுக்கு ஓடிப் பூட்டைத் திறந்து குமிழைப் பார்த்துவிட்டு வருவார். இதனால் எத்தனை பஸ்ஸைத் தவறவிட்டோம் என்று எனக்குக் கணக்கே கிடையாது. ஒரு கல்யாணத்துக்குப் பந்தி முடிந்து இலையெடுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறோம். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். நான் தெருமுனையில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

இன்னொரு குடைச்சல் அவர் தோளில் இருந்தது. இடது தோள்பட்டைக்குக் கீழே, தோலுக்கடியில், கெட்டியாக ஒரு மேடு. போரில் பாய்ந்த குண்டுத்துண்டு என்பார். பள்ளிக்கூடத்தில் காந்தப் பாடம் நடந்த அன்று, உடைந்த ரேடியோவிலிருந்து காந்தத்தைப் பிய்த்துக்கொண்டு வந்து, அப்பாவைக் குப்புறப் படுக்கவைத்துத் தோளில் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. வழுக்கிக்கொண்டு பாயில் விழுந்தது.

"ஏம்ப்பா ஒட்டல? இரும்புதானே?"

"சதை தடிச்சுப் போயிருக்கு கண்ணு."

நான் விடவில்லை. அதே காந்தத்தைக் கனமான துணி மடிப்புக்கு அடியில் வைத்து, மேலே ஆணியை வைத்தேன். ஆணி ஒட்டியது. ஓடிப் போய்ச் சொன்னேன். அப்பாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அதற்கப்புறம் என்னை அந்தத் தோளைத் தொட விட்டதில்லை.

ராணுவத்திலிருந்து வந்ததும் அவர் பஸ் டிப்போவில் வாயிற்காவலராகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றார். போரில் காயம் பட்டவர்களுக்கென்று ஒரு பதக்கம் உண்டு. அப்பாவுக்கு அது கிடைக்கவில்லை. அவரை அனுப்பிவைத்தபோது, காயத்துக்குக் காரணம் 'சமையலறை விபத்து' என்று எழுதிவிட்டார்கள். விபத்துக்குப் பதக்கம் கிடையாது. இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். பழைய படைக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். பதக்கக்காரர்களுக்கு முன்வரிசை. அப்பா பின்னால் உட்காருவார். சரி, அதுவும் போகட்டும். யாராவது ஒருவர் திரும்பிப் பார்த்து, "என்னப்பா, டீ வந்துடுச்சான்னு போய்ப் பாரேன்" என்பார். அப்பாவும் எழுந்து போவார். அதைப் பார்த்த அன்று எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த ஆளிடமே நேராகப் போய், "டீ வேணும்னா உங்க கால்ல நடந்து போங்க" என்றேன். எனக்கு வாய் நீளம். மருந்துக்கடை வைத்திருக்கிறவளுக்கு அது கொஞ்சம் தேவையும்கூட.

அதனால்தான், விடுபட்டுப்போனவர்கள் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று ராணுவம் அறிவித்ததும் நானே மனுப் போட்டேன். காயம் எதிரியின் ஆயுதத்தால் ஏற்பட்டது என்பதற்குச் சான்று கேட்டார்கள். சான்றுதான் தோளிலேயே இருக்கிறதே! என் கடைக்கு எதிரே இருக்கும் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா மேல வந்துடுச்சு. மரக்கவைக்க ஒரு ஊசி, ஒரு சின்னக் கீறல், அவ்வளவுதான்" என்றார்.

அப்பா சண்டை பிடிப்பார் என்று முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டுதான் பேசப் போனேன். அவரோ, "எடுத்துடலாம்மா. எனக்கும் அது என்னன்னு பாக்கணும்" என்றார்.

"என்னன்னு பாக்கணுமா? குண்டுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் குமிழைப் பார்க்கச் சமையலறைக்குள் போய்விட்டார்.

எடுத்ததை நர்ஸ் ஒரு சின்ன பிளாஸ்டிக் புட்டியில் போட்டுக் கொடுத்தாள். நான் துருவேறிய கறுப்பு உருண்டை ஒன்றை எதிர்பார்த்திருந்தேன். உள்ளே இருந்ததோ கட்டைவிரல் நகம் அளவுக்கு, வெளுத்து, வளைந்த ஒரு தகடு. ஓரமெல்லாம் பிய்ந்திருந்தது. ஒரு பக்கத்தில் பாதி எண் ஒன்று பொறித்திருந்தது. எட்டோ மூன்றோ, தெரியவில்லை. குலுக்கினால் காகிதம் மாதிரி இலேசாகச் சலசலத்தது.

அப்பா புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அலுமினியம். இது எங்க அண்டா" என்றார்.

அதற்கப்புறம் மனுமீதான விசாரணை நாள் வரை வாயைத் திறக்கவில்லை. அம்மா வம்புக்கு இழுத்துப் பார்த்தாள், அதற்கும் மசியவில்லை. விசாரணைக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அலுவலகத் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. எங்கள் முறை வரப்போகும் நேரத்தில், "நான் உள்ள வரல. மனுவ வாங்கிக்கிட்டு வந்துடு" என்றார்.

"விளையாடுறீங்களாப்பா? கடையை மூடிட்டு வந்திருக்கேன்!"

"கோவிச்சுக்காத கண்ணு. ஒண்ணு சொல்றேன், கேளு." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அது ஆவி அண்டா. மூடியத் திருகி வெச்சு வேக வைக்கிறது. அன்னைக்கு உருளைக்கிழங்கு போட்டு மூடியத் திருகுன வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு. அப்புறம் ஆஸ்பத்திரிக் கூரைதான் ஞாபகம். சமையல்காரன் கவனக்குறைவால அண்டா வெடிச்சிடுச்சுன்னு எழுதியிருந்தாங்க. என் காயம் கிடக்கட்டும். தட்டோட வரிசையில முன்னாடி நின்ன ரெண்டு பசங்க செத்துப் போயிட்டாங்க. அதுல ஒருத்தன், அண்ணே, அடியில ஒட்டினத எனக்கு வைங்கண்ணேன்னு தினம் கேப்பான்."

நான் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"தோள்ல இருக்கிறது குண்டா இருந்துட்டா, நான் அவங்கள ஒண்ணும் பண்ணலன்னு ஆகும். அதை எடுத்துப் பாக்க இத்தனை வருஷமா எனக்குத் தைரியம் இல்ல. நீ காந்தம் வெச்ச அன்னைக்கே பாதி தெரிஞ்சு போச்சு. இப்ப முழுசாத் தெரிஞ்சிடுச்சு. பதக்கம் கேக்க எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உள்ள போறது, சொல்லு."

அப்போதுதான் கேஸ் குமிழ் எனக்கு விளங்கியது. தெருமுனையில் நின்றுகொண்டு நான் முணுமுணுத்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். என்ன நினைத்தாரோ, அப்பாவே எழுந்து முன்னால் நடந்தார்.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், ராணுவ டாக்டரம்மா, ஒரு குமாஸ்தா. உட்காரச் சொல்வதற்கு முன்பே அப்பா புட்டியை மேஜைமேல் வைத்தார்.

"ஐயா, என் தோள்ல இருந்தது எங்க அண்டாத்துண்டு. குண்டு இல்ல. எழுதியிருக்கிறது சரிதான். மனுவ வாபஸ் வாங்கிக்கிறேன்."

ஒரு வேலை குறைந்தது என்கிற மாதிரி குமாஸ்தா கோப்பை மூடினார். அந்த மூடலைப் பார்த்ததும் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "மூடுங்க, நல்லா மூடுங்க! அன்னைக்கும் இப்படித்தான் அவசரமா மூடியிருப்பீங்க!" என்று கத்திவிட்டு, புட்டியைப் பிடுங்கிக் கைப்பைக்குள் எறிந்து மேல்மடிப்பை அடித்துச் சாத்தினேன். கண்ணீர் முட்டியது. கைக்குட்டைக்காகப் பையை மறுபடி திறந்தேன். மடிப்போடு புட்டியும் சேர்ந்து மேலே வந்தது. மடிப்பின் உள்பக்கம் தொங்கிக்கொண்டு நின்றது.

என் பைக்குக் கொக்கி கிடையாது. காந்தப் பொத்தான்தான்.

புட்டியைப் பிய்த்தெடுத்தேன். மறுபடி கிட்டே கொண்டுபோனேன். உள்ளே அந்தத் தகடு ஒரு சுற்றுச் சுற்றி, ஒரே ஒரு முனையால் போய் 'டிக்'கென்று ஒட்டியது.

"அப்பா, அலுமினியம் காந்தத்துல ஒட்டுமா?"

"ஒட்டாது."

"இது ஒட்டுதுப்பா."

அதிகாரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார். "எங்க, இன்னொரு தடவை காட்டுங்க." காட்டினேன். டிக். பிறகு அவரே வாங்கிச் செய்து பார்த்தார். குமாஸ்தாவும் எட்டி வந்து, "நான் ஒருக்கா" என்று கையை நீட்டினார். மூடின கோப்பு மேஜையில் தனியாகக் கிடந்தது. டாக்டரம்மா தகட்டை வெளியே எடுத்துப் பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்.

"முனையில கடுகளவு எஃகு. அலுமினியத்துக்குள்ள குத்திக்கிட்டு நிக்குது" என்றார் டாக்டரம்மா. அன்று சதைக்கு மேலே வைத்த என் காந்தத்துக்கு அந்தக் கடுகு எட்டவில்லை.

"அண்டாவோட திருகா இருக்கும் மேடம்" என்றார் குமாஸ்தா.

"அதுல இரும்பே கிடையாதுங்க. திருகெல்லாம் பித்தளை" என்றார் அப்பா, குனிந்த தலை நிமிராமல்.

அதிகாரி கேட்டார்: "இந்த நம்பர் அண்டாவுல எங்க அடிச்சிருப்பாங்க?"

"வெளிப்பக்கம் ஐயா. விளிம்புக்குக் கீழ."

டாக்டரம்மா கண்ணாடியைக் கீழே வைத்தார். "நம்பர் இருக்கிற பக்கத்துலேருந்துதான் இது உள்ள குத்தியிருக்கு. பெரியவரே, உங்க அண்டா தானா வெடிச்சிருந்தா, வெளியிலேருந்து அதுக்குள்ள எஃகு எப்படிப் போகும்? ஏதோ ஒண்ணு வந்து அடிச்சிருக்கு. அடிச்ச அப்புறம்தான் அண்டா சிதறியிருக்கு."

"அந்த வாரம் பூரா அந்த முகாமைச் சுத்திக் குண்டு விழுந்துட்டுத்தான் இருந்துச்சு. கோப்புலயே இருக்கு. ரெண்டையும் சேத்து வெச்சு யாரும் யோசிக்கல" என்றார் அதிகாரி.

அப்பா நிமிர்ந்தார். "அப்படின்னா, மூடிய நான் ஒழுங்காத்தான் போட்டிருக்கேனாம்மா?"

"ஒழுங்காத்தான் போட்டிருக்கீங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சின்னப் பையன் மாதிரி வாய்விட்டு அழுதார். நானும்தான் அழுதேன். எனக்கென்ன வெட்கம்! பதக்கத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்று அதிகாரி சொன்னபோது அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டார். "பதக்கம் மெதுவா வரட்டும் ஐயா. அந்தக் கவனக்குறைவுங்கிறத மட்டும் இப்பவே அடிச்சிடுங்க."

"அதுக்குன்னு ஒரு முறை இருக்கு..." என்று ஆரம்பித்த குமாஸ்தா, அதிகாரியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா கைகால் கழுவிக்கொண்டு நேராகச் சமையலறைக்குள் வந்தார். "எழுந்திரு" என்றார்.

"ஏன், என்ன ஆச்சு?"

"நீ எழுந்திரு. நான் பாத்துக்கறேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினேன். ஜன்மத்தில் முதல் தடவையாக அவள் வாயடைத்துப்போய் எழுந்து, கத்தியை அவரிடம் கொடுத்தாள். நானும் அவளும் சமையலறை நிலையில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தோம். அந்தக் கை என்னமாய் நறுக்கியது! உப்பை மட்டும் ஒரு படைக்குப் போடுகிற மாதிரி அள்ளிப் போட்டுவிட்டார். வாயில் வைக்க முடியவில்லை. அம்மா இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

கடைசியில் அப்பா பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி, தனியாக ஒரு தட்டில் வைத்து, யாரும் இல்லாத பக்கம் நகர்த்தினார். அது யாருக்கு என்று அம்மா கேட்க வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பதக்கம் ஒரு மழைநாளில் தபாலில் வந்து சேர்ந்தது. அதைக் குத்திக்கொண்டு அப்பா கூட்டத்துக்குப் போனதும், முன்வரிசையில் உட்கார்ந்து, டீயில் தண்ணீர் ஜாஸ்தி என்று குறை சொன்னதும் பிறகு நடந்தவை. எனக்கு நெஞ்சில் நிற்பது சமைத்த அன்று சாயங்காலம்தான். சாப்பிட்ட உப்புக்குக் கொஞ்சம் நடந்தால் தேவலை என்று மூவரும் கிளம்பினோம். அப்பா குமிழைத் திருகி மூடினார், கதவைப் பூட்டினார். தெருமுனை வந்ததும் நானும் அம்மாவும் வழக்கம்போல நின்றோம்.

அப்பா நிற்காமல் போய்க்கொண்டே இருந்தார்.