ஒரு பஸ் படிக்காக மதுரைக்குப் போய் வந்தேன்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை என் முழங்காலில் துளை போட்டுச் சுத்தம் செய்யலாம் என்று ஒரு கிளினிக்கில் நாள் குறித்திருந்தார்கள். அதற்குள் இன்னொரு டாக்டரையும் கேட்டுவிடுவோம் என்று அதே வாரம் செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் பேத்தி யாழினி டாக்டருக்கு நான்காம் வருடம் படிக்கிறாள். இதை எத்தனை தடவை எழுதினாலும் எனக்குச் சலிக்காது.

அலங்காநல்லூரில் காலை 6.10க்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முதல் படி என் முழங்கால் உயரம்.

"அப்பத்தா, ஏறுனா ஏறு, நின்னு யோசிக்காத" என்றார் கண்டக்டர்.

"ஏறுறதுக்குத்தான் தம்பி ஆஸ்பத்திரிக்கே போறேன்."

7.05க்குக் கோரிப்பாளையம். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, 20 ரூபாய். யாழினி படிக்கும் ஆஸ்பத்திரிதான். அன்று அவள் வகுப்புக்கு எலும்புப் பிரிவில் பயிற்சி. உறவென்று காட்டிக்கொள்ளாதே என்று வீட்டிலேயே சொல்லியிருந்தாள்.

என் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, பாடம் நடத்தும் டாக்டரம்மா அவளைத்தான் கேட்டார்: "இவங்களுக்குத் துளை போட்டுப் பண்ற ஆபரேஷன் வேணுமா?"

"பண்ணலாம் மேடம். எங்க சித்தப்பா பண்ணிக்கிட்டாரு, இப்ப ஓடுறாரு." என் சின்ன மகனைத்தான் சொல்கிறாள்.

"அவருக்கு என்ன வயசு?"

"முப்பது மேடம். ஜல்லிக்கட்டுல மாடு முட்டுன காலு."

"இவங்கள எந்த மாடு முட்டுச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். "ஒருத்தர் கத போதும். ஆதாரம் எங்க?" என்றார் டாக்டரம்மா.

நான் ஆதார் கார்டை எடுத்து நீட்டினேன். காலையிலிருந்து எல்லா ஜன்னலிலும் அதைத்தானே கேட்டார்கள்!

அவர் சிரிக்கவில்லை. வாங்கிப் பார்த்தார். "இதுவும் வேணும்தாம்மா. பாருங்கப்பா, அறுபத்தெட்டு வயசு, தேஞ்ச மூட்டு. இப்படிப்பட்டவங்கள்ல ஆபரேஷன் பண்ணுனவங்க, காலுக்குப் பயிற்சி மட்டும் செஞ்சவங்க, ரெண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பாத்து யாரு என்ன எழுதியிருக்காங்கன்னு தேடுங்க."

பிள்ளைகள் செல்போனை எடுத்தார்கள். வலியோடு ஒருத்தி உட்கார்ந்திருக்க, இதுகள் போனை நோண்டுதே என்று எனக்குக் கோபம். கால் மணி நேரம் கழித்து யாழினி நிமிர்ந்தாள்.

"நான் சொன்னது தப்பு மேடம். தேய்மானத்துக்கு இந்த ஆபரேஷன் பண்ணுனவங்களும் பயிற்சி செஞ்சவங்களும் கடைசில ஏறக்குறைய ஒண்ணாத்தான் இருக்காங்க."

"சரி. இவங்களக் கேட்டியா?" டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்களுக்கு எது முடிஞ்சாப் போதும்?"

இரண்டு வருட வலியில் இதை யாரும் கேட்டதில்லை. "பஸ் படி ஏறணும் தாயி" என்றேன்.

தொடைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். பன்னிரண்டு வாரம் செய்துவிட்டு வரச் சொன்னார்கள். கிளினிக்குக்குப் போன் போட்டு வெள்ளிக்கிழமை வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

பஸ் ஏற்றிவிட வந்தபோது யாழினிக்கு முகமே சரியில்லை. "தப்பாச் சொல்லிட்டேன் அப்பத்தா."

"அம்புட்டுப் பேரு முன்னாடி அதச் சொன்னியே. உன் சித்தப்பன் மாட்டு முன்னாடி நின்னதவிட அது பெருசுடி."

அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எட்டு மணிக்குள் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள். பழைய எக்ஸ்ரே, மாத்திரை அட்டை, ஆதார் எல்லாம் கையில் இருக்கட்டும். ஆபரேஷன் என்று சொன்னால், "எதை வச்சுச் சொல்றீங்க? என் வயசுக்காரங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று தன்மையாகக் கேளுங்கள். உங்களுக்கு எது முடிய வேண்டும் என்பதை, அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

இது ஐந்தாவது வாரம். வீட்டில் பலகையைப் போட்டு அதில் எட்டுத் தடவை ஏறி இறங்குகிறேன். பஸ் படி அதைவிட ஒரு சாண் உயரம்.