வெள்ளிக்கிழமை மாத்திரை

பரளச்சி ஊர்ச் சோலைச்சாமியின் பெண்சாதி சண்முகவடிவு, மிளகாய்க் காட்டில் களை எடுக்கும்போது மற்றவர்களுக்கு ஒரு நிரை முன்னால்தான் போவாள். அப்படிப்பட்டவளுக்குத் தன் பிள்ளையைத் தூக்க மட்டும் வீட்டில் அனுமதி இல்லை.

1987 வைகாசியில், மூன்று மாதப் பிள்ளையை மடியில் வைத்திருந்தபோது அவளுக்கு வலிப்பு வந்தது. பிள்ளை உருண்டு விழுந்தது. அம்மன் புண்ணியத்தில் காயமில்லை. அன்றைக்கே மாமியார் சந்தனம்மாள் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பால் கொடுக்கும்போதுகூடப் பக்கத்திலேயே உட்கார்ந்து பிள்ளைமேல் கை வைத்திருப்பாள்.

மதுரை டாக்டர், "தினம் ஒன்று, சாப்பிட்ட பிறகு" என்று மாத்திரை கொடுத்தார். வலிப்பு நின்றது. அம்மனுக்கு நன்றியாக வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தாள். வலிப்பு திரும்ப வந்தது. செவ்வாயும் சேர்த்தாள். இன்னும் அடிக்கடி வந்தது.

"ஆத்தாவுக்கு என்ன கோவமோ. இன்னொரு நாளும் பிடி" என்றாள் சந்தனம்மாள்.

கார்த்திகையில் சோலைச்சாமி அவளை மறுபடி மதுரைக்குக் கூட்டிப்போனான்.

"மாத்திரை தவறாமப் போடுறீங்களாம்மா?" என்றார் டாக்டர்.

"சாப்பிட்ட நாளெல்லாம் போடுறேன் சாமி."

"சாப்பிடாத நாள்?"

"சோறே திங்கலையே, பெறகு எப்படிப் போட?"

டாக்டர் கோபப்படவில்லை. தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்துக் காட்டினார். மூளையில் ஒருவகை நரம்பணு பக்கத்தில் உள்ளதைத் தூண்டும். இன்னொரு வகை அடக்கும். அடக்குபவை கொஞ்சம்தான். ஆனாலும் ஒவ்வொன்றும் சுற்றியுள்ள பலவற்றோடு பின்னிக் கிடக்கும். அந்தப் பிடி தளர்ந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் துள்ளும். அதுதான் வலிப்பு.

"கிடை ஆடு மாதிரின்னு சொல்லுங்க. ஒண்ணு மிரண்டா மந்தையே ஓடும். ஆளு நாலே பேருதான், அங்கங்க நின்னு மடக்கிருவாக" என்றாள் சண்முகவடிவு.

"அதேதான்! அந்த ஆளுகளுக்கு ஒத்தாசைதான் மாத்திரை. வாரத்துல ரெண்டு நாள் அதை நிப்பாட்டிட்டீங்க. வெறும் வயித்துலயும் போடலாம்."

வீட்டில் சந்தனம்மாள் ஒப்பவில்லை. "விரதத்துல மருந்தா? ஆத்தா பொறுப்பாளா?"

"நீ விரதத்தன்னைக்கு மூணுதரம் வெத்தல போடுறியே, அதையே பொறுத்துக்கிட்டா" என்றான் சோலைச்சாமி. அப்போதும் அவள் வாயில் வெற்றிலை இருந்தது. சண்முகவடிவு விரத நாளிலும் மாத்திரை போடத் தொடங்கினாள்.

அதன்பின் வலிப்பு வரவில்லை. ஆனாலும் மாமியார் பிள்ளையைத் தரவில்லை. சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை, களத்தில் மிளகாய் காயும்போது திடீரென்று மழை இறங்கியது. சாக்கை எடுத்துக்கொண்டு ஓடப்போன சந்தனம்மாள் நின்றாள்.

"இன்னைக்கு மாத்திரை போட்டியா?"

"காலையிலேயே போட்டுட்டேன் அத்தை."

"அப்ப இந்தா, ஒம் பிள்ளையப் பிடி."

திரும்பிப் பார்க்காமல் களத்துக்கு ஓடினாள். சண்முகவடிவு பிள்ளையை இடுப்பில் வைத்துப் பார்த்தாள். நன்றாகக் கனத்தான்.