ஆடி விருந்தில் நான் போட்ட சில்லி சப்பாத்தி

காய்ந்த இரும்புக் கடாயில் சோயா சாஸ் பட்டதும் எழும் அந்தக் கருகல் வாசனை… இன்றைக்கும் அது மூக்கில் ஏறினால் எனக்குப் பசிப்பதில்லை. முகம்தான் சுடுகிறது.

சிதம்பரத்தில் இன்ஜினியரிங் படித்தபோது, கீழவீதிப் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் சில்லி சப்பாத்தி தின்றே பாதி மாலைகள் போயின. லீவில் கடலூர் வீட்டுக்கு வந்து அதையே செய்து பார்த்தேன். கடையைவிட நன்றாக வந்தது. அந்தத் திமிர் வேறு.

அக்காவுக்குக் கல்யாணமாகி முதல் ஆடி. அவளையும் மாமாவையும் விருந்துக்கு அழைத்திருந்தோம். மாமாவின் அம்மாவும் பண்ருட்டியிலிருந்து கூடவே வந்திருந்தார். எனக்கு அத்தை முறை.

மதியம் அம்மா இலை நிறையப் போட்டாள். சாயங்காலம், "டிபன் என் பொறுப்பு" என்று நான் அடுப்படிக்குள் நுழைந்தேன்.

மாமா ரெண்டாவது தட்டு கேட்டார்.

"மச்சான், கடையில கூட இப்படி மொறுமொறுன்னு வராதுடா. என்ன பண்ண?"

கேட்டால் சும்மா இருக்கத் தெரியுமா எனக்கு?

"புது சப்பாத்தில செஞ்சா சொதசொதன்னு ஆயிடும் மாமா. உள்ள இருக்கற ஈரம் போவணும். இது நேத்து நைட்டு மிஞ்சினது. அதான்."

அடுப்படியில் அம்மாவின் பாத்திரச் சத்தம் நின்றது. புது மாப்பிள்ளைக்கு, அதுவும் ஆடி அழைப்பில், முந்தின நாள் மிச்சம். நிமிர்ந்து பார்த்தேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம்…

"ஃப்ரிட்ஜ்லதான் இருந்துச்சி அத்தை. ஒண்ணும் கெட்டுப் போவல."

அத்தை தட்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, அம்மா இருந்த பக்கம் திரும்பினார்.

"பரவால்ல சம்பந்தி. எங்க வூட்ல மிஞ்சினா மாடு இருக்கு. உங்க வூட்ல புள்ள இருக்கான்."

மாமா மட்டும் தட்டைக் காலி செய்தார். காலையிலிருந்து அம்மா நின்று சமைத்த விருந்தைப் பற்றி, கிளம்பும்வரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் சொன்னதில் தப்பே இல்லை என்று ரொம்ப நாள் வாதாடினேன். பழைய சப்பாத்திதான் மொறுமொறுப்பாக வரும், யார் செய்தாலும். ஆனால் பேச்சு வாங்கியது நான் இல்லையே. அக்கா எந்தத் தட்டை நீட்டினாலும் அத்தை கேட்பாராம்: "இன்னைக்கு செஞ்சதா, இல்ல உங்க வூட்டு முறையா?"

இப்போது மிஞ்சின இட்லியில் மஞ்சூரியன், மிஞ்சின சோற்றில் கட்லெட் என்று தினம் ஒரு வீடியோ. நம் வாட்ஸ்அப் குரூப்பில் நீங்களும் அனுப்புகிறீர்கள். என்னிடம் சில்லி சப்பாத்தி ரெசிபியும் கேட்டீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் பண்ருட்டியில் அக்கா வீட்டில் தங்கினேன். காலையில் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனால், ராத்திரி சப்பாத்தியைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு நிற்கிறாள்.

"இன்னாக்கா இது, உக்காந்துதான் சாப்பிடேன்."

"அத்தை எழுந்துடுவாங்கடா. மிச்சம்னு எதுவும் அவுங்க கண்ணுல படக்கூடாது."

ஒரு காலத்தில் மிஞ்சின சப்பாத்திக்கு நானும் அவளும் அடித்துக்கொள்வோம். சத்தத்தில் அம்மா கரண்டியோடு வருவாள்.

இப்போது அவளோடு போட்டிக்கு யாரும் இல்லை. நின்றபடியே, சத்தம் வராமல் மென்று முடிக்கிறாள்…