பலகைக்கு அடியில் நெளிந்தவை

வெள்ளவத்தையில் கடற்கரைக்குக் கிட்ட, கீழ்த்தளத்தில் எங்கள் வீடு. போன வருடம் தரைக்கு லெமினேட் பலகை பதிக்க வந்த தச்சு வேலைக்கார பாஸ், "பழைய காபெட்டைக் கழட்டத் தேவையில்லை அக்கா, அதுக்கு மேலேயே போடலாம்" என்றார். நானும் தலையாட்டினேன்.

மழை தொடங்கியதும் அறையில் செத்த எலி நாற்றம். அங்கே தவழும் என் மகனுக்கு இருமல் விடவேயில்லை. கணவர் ஒரு பலகையைக் கிளப்பினார். காபெட் கறுத்து ஊறி, பூஞ்சணத்துக்குள் புழுக்கள் நெளிந்தன.

"ஐயோ, இதுக்கு மேலயா பிள்ளையைத் தவழ விட்டனாங்கள்!" என்று கத்தினேன்.

பலகை, காபெட் எல்லாவற்றையும் அள்ளி எறிந்தோம். மகனின் இருமலும் நின்றது.

பிறகு, ஈரம் தரைக்குள்ளிருந்தே ஏறுகிறதா என்று பார்க்க, வெறும் சீமெந்துத் தரையில் பொலித்தீன் துண்டொன்றை ஒட்டி, மறுநாள் உரித்தேன். அடியில் ஈரம் முத்துமுத்தாக நின்றது. இனி அந்தத் துண்டு காய்ந்தபடி வரும்வரை ஒரு பலகையையும் உள்ளே எடுக்க விடமாட்டேன்.