முடிவாகிக்கொண்டே இருந்த சாக்கடை

என் மூத்த மருமகளைத் தெருவில் ஊசி அக்கா என்பார்கள். தையல்காரி என்பதால் மட்டும் அல்ல, வாயும் அப்படித்தான். கல்யாணம் பேசப் போன அன்றே என்னிடம், "உங்க பையன் லாரியோட போனா மாசக்கணக்குல வரமாட்டாராமே. அப்ப நான் குடித்தனம் பண்ணப் போறது உங்களோடதானா அத்தை?" என்று கேட்டவள். அப்போதே எனக்கு அவளைப் பிடித்துப்போனது. அதை அவளிடம் சொல்லத்தான் இன்றுவரை மனசு வரவில்லை.

எங்கள் வீட்டு முன்னறைதான் அவளுடைய கடை. தையல் மெஷின், துணி வெட்ட ஒரு நீள மேசை, சுவர் முழுக்கத் தொங்கும் பள்ளிக்கூடச் சீருடைகள். வாசலை ஒட்டிச் சாக்கடை. பேருக்குத்தான் சாக்கடை. கரையும் கிடையாது, மூடியும் கிடையாது. தெருத் தண்ணீர் தானே தோண்டிக்கொண்ட பள்ளம். மழை பெய்தால் அழைக்காமலே முன்னறைக்குள் வந்துவிடும். ஒரு மழையில், கல்யாண வீட்டார் தைக்கக் கொடுத்திருந்த துணியெல்லாம் கட்டோடு நனைந்து நாறிப்போனது. அவர்கள் வாசலில் நின்று பேசிய பேச்சை வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டாள். அவர்கள் போனதும் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டாள். அப்புறம், "அத்தை, நான் நகரசபைக்கு நிக்கப் போறேன்" என்றாள்.

"நின்னு?"

"சாக்கடை கட்டுவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் உக்காந்து தைப்பேன்."

அவள் ஆசை அவ்வளவுதான். தெருவே அவள் பின்னால் வந்தது, ஜெயித்தாள். எங்கள் எதிர்வீட்டுச் சலூன்காரர், அவருக்கும் அதே சாக்கடைதான், கடைக்கு வந்தவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு ஓட்டுக் கேட்டார். கத்தி கழுத்தில் இருக்கும்போது யார் மாட்டேன் என்பார்கள்?

அந்த வருஷம்தான் வெளிநாட்டு உதவித் திட்டம் எங்கள் ஊருக்கு வந்தது. இனிமேல் தலைநகரத்தில் உட்கார்ந்துகொண்டு யாரோ முடிவு செய்யமாட்டார்கள். அந்தந்தத் தெருக்காரர்களே கூடி, எங்களுக்கு இதுதான் வேண்டும் என்று கை தூக்குவார்கள். கை தூக்கிய வேலைக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வரும். இப்படிச் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. இப்போது கேட்டாலும் நன்றாகத்தான் இருக்கிறது, அதில் எனக்குச் சண்டை இல்லை.

திட்டத்தின் சார்பாக ஒரு அம்மா வந்தார். நல்ல மாதிரி. யார் வீட்டுக்குள் வந்தாலும் செருப்பை வெளியே விட்டுவிட்டு வருவார், கொடுத்ததைக் குடிப்பார், பொய் சொல்லமாட்டார். கடைசியில் எங்களைக் கெடுத்தது அவருடைய உண்மைதான்.

முதல் கூட்டம் பள்ளிக்கூடத்தின் பெரிய வகுப்பறையில் நடந்தது. என்ன வேண்டும் என்று கேட்டதும் ஒரே குரலாகச் சாக்கடை என்றார்கள். சலூன்காரர் இரண்டு கையையும் தூக்கினார்.

"ஒரு கை போதும் அண்ணே, யாரும் துப்பாக்கி நீட்டலை" என்றாள் மருமகள். வகுப்பறையே சிரித்தது. முடிவில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், என்னைப் போன்றவர்கள் கைநாட்டு வைத்தோம்.

இங்கே ஒரு சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். தெரு முடிவெடுத்த பிறகு, யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்வதற்கு அவகாசம் உண்டு. அந்த அவகாசம் முடிந்தால்தான் மண்வெட்டி இறங்கும். அதே வேலைக்கு மறுபடி கூட்டம் போட்டுக் கையெழுத்தானால், பழைய முடிவு செல்லாது. அவகாசமும் முதலிலிருந்து தொடங்கும். இதுவும் நல்ல சட்டம்தான், ஊரைக் கேட்காமல் யாரும் எதையும் மாற்றிவிடக்கூடாது என்று போட்டது.

அவகாசம் முடியப்போகிற நேரத்தில், பணம் கொடுத்த நாட்டிலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள். மக்களே கூடி முடிவெடுப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். நகரசபைத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு நடந்தது போலவே ஒரு கூட்டம் நடத்திக் காட்டலாம் என்றார். திட்டத்து அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"நடிச்சுக் காட்டறது தப்புங்க. கூட்டம்னா நிஜக் கூட்டம். ஜனங்க என்ன கேக்கறாங்களோ அதை எழுதணும், கையெழுத்தும் வாங்கணும்."

நிஜக் கூட்டம் நடந்தது. நிஜமாகவே சாக்கடை கேட்டோம். நிஜமாகவே பழைய முடிவு செத்தது. அப்போது அது யாருக்கும் உறைக்கவில்லை. விருந்தாளிகள் கைதட்டினார்கள், நாங்களும் தட்டினோம்.

அதற்குப் பிறகு எங்கள் தெரு பேர் பெற்றுவிட்டது. அந்த நாட்டுக்காரர்கள், இந்த நாட்டுக்காரர்கள், படிக்கிற பிள்ளைகள், படம் பிடிக்கிறவர்கள் என்று அவகாசம் முடியும் முன் யாராவது வந்து இறங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் கூட்டம், ஒவ்வொரு தடவையும் சாக்கடை. மருமகளுக்கு விஷயம் புரிந்ததும் தலைவரிடம் போய்க் கத்தினாள். தலைவர், "ஏம்மா, உன் தெருவைப் பாக்க உலகமே வருது, நீ சாக்கடையைப் புடிச்சுத் தொங்கறியே" என்றார். அவருக்கு வெளிநாட்டுப் பயணம் ஒன்று கூடிவந்திருந்தது.

இதற்குள் ஒரு மழை வந்து போனது. மெஷினைச் செங்கல் மேல் தூக்கி வைத்துத் தைத்தாள்.

அப்புறம் ஒரு நாள் திட்டத்து அம்மாவே வந்து உட்கார்ந்தார். முகம் சரியில்லை. இந்த வருஷம் முடிவதற்குள் வேலை தொடங்காவிட்டால், கட்டுவதற்கென்று வைத்த பணம் திரும்பிப் போய்விடும் என்றார். ஆட்சேப அவகாசம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. ஆனால் அதற்குள் பெரிய குழு ஒன்று வரப்போகிறது.

"வேண்டாம்னு சொல்லுங்களேன்" என்றாள் மருமகள்.

"அவங்க வரதைத் தடுக்கிற இடத்துல நான் இல்லைம்மா."

"சரி, கூட்டம் நடக்கட்டும். சாக்கடையை மட்டும் எழுதாதீங்க."

"ஜனங்க கேட்டா எழுதாம எப்படி இருக்கறது? வேற ஏதாவது கேட்டா அதை எழுதிக்கறேன்."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். அன்று மாலையே வீடு வீடாகப் போனாள். "இந்த ஒரு தடவை தெருவிளக்கு வேணும்னு சொல்லுங்க. சாக்கடைப் பேச்சே எடுக்காதீங்க. எடுக்கலைன்னா பழைய முடிவு நிக்கும், அடுத்த வாரம் தோண்டிடலாம்." தொண்டை கட்டும் வரை சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அவள் முதுகு மறைந்ததும் தெரு பேசத் தொடங்கியது. சாக்கடைக்காகவே ஓட்டு வாங்கினவள், சாக்கடை வேண்டாம் என்று ஏன் சொல்கிறாள்? தலைவரோடு சேர்ந்துவிட்டாளோ? நம் சாக்கடையைத் தலைவர் தெருவுக்குத் தூக்கிக் கொடுக்கிறாளோ? சலூன்காரர் கடையில் இதைத்தான் பேசினார்களாம். எனக்குக் காது மந்தம் என்று நினைத்து என் முன்னாலேயே ஒருத்தி பேசினாள். அவளுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து அனுப்பினேன்.

கூட்டத்து அன்று வகுப்பறையில் நிற்க இடமில்லை. விருந்தாளிகள் முன்வரிசையில், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். மருமகள் எழுந்து, "எங்க தெருவுக்குத் தெருவிளக்கு வேணும்" என்றாள். யாரும் கை தூக்கவில்லை. நான் மட்டும் தூக்கினேன். அவள் சொன்னாள் என்பதற்காக இல்லை, எனக்கு நிஜமாகவே விளக்கு வேண்டியிருந்தது.

பின்வரிசையிலிருந்து சலூன்காரர் எழுந்தார். "அந்தம்மாவுக்கு விளக்கு வேணும்னா அவங்க வீட்டுல மாட்டிக்கட்டும். எங்களுக்குச் சாக்கடைதான் வேணும்."

"அண்ணே, உக்காருங்க. சொன்னேனில்ல, கேட்டா போயிடும்."

"கேட்டா எப்படிம்மா போகும்? கேக்காம இருந்தாத்தான் போகும். எங்க வாயை அடைக்க உனக்கு என்ன குடுத்தாங்க?"

கைகள் எழுந்தன. வகுப்பறை முழுக்கக் கைகள். இத்தனை கூட்டங்களில் அவ்வளவு வேகமாக யாரும் கை தூக்கியதில்லை. திட்டத்து அம்மா தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். அவர் பேனா ஒரு நொடி நின்றது, பிறகு ஓடியது. கேட்டதை எழுதாமல் விடுகிறவர் இல்லை அவர்.

விருந்தாளிகளுக்குப் பரவசம். ஒருவர் எழுந்து பேசினார், அதை எங்கள் பேச்சில் மாற்றிச் சொன்னார்கள்: நாங்கள் எத்தனையோ ஊர் பார்த்திருக்கிறோம், தாங்கள் தேர்ந்தெடுத்தவரையே எதிர்த்துக் கை தூக்கும் மக்களை இங்கேதான் பார்க்கிறோம். சலூன்காரரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

வருஷம் முடிந்தது, பணம் திரும்பிப் போனது. மருமகள் சொன்னது அப்போது புரிந்திருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. அவள்தான் விற்றுவிட்டாள் என்று உறுதியாகிப்போனது. அடுத்த தேர்தலில் அவள் நிற்கவில்லை. சலூன்காரர் நின்றார், சாக்கடை கட்டுவேன் என்று சொல்லி ஜெயித்தார்.

அந்த மழைக்காலத்தில் திட்டத்து அம்மா மறுபடி வந்தார். முன்னறையில் கணுக்கால் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். திட்டம் பக்கத்து நாட்டுக்குப் போகிறதாம். எங்கள் தெருக் கதை எல்லாருக்கும் பிடித்துவிட்டதாம். மருமகள் ஊர் ஊராக வந்து பேச வேண்டுமாம், சம்பளம் உண்டாம்.

மருமகள் தண்ணீரை முறத்தால் வாரி வாளியில் ஊற்றிக்கொண்டே கேட்டாள். "வந்து என்னன்னு சொல்லணும்?"

"நடந்ததைச் சொன்னாப் போதும்மா."

"நடந்ததைச் சொன்னா உங்களை ஊருக்குள்ள விடுவாங்களா?"

அந்த அம்மா சிரிக்கவில்லை. தண்ணீரில் கால் வைத்துத் திரும்பி நடந்தார்.

மருமகள் இப்போதும் தைக்கிறாள். எங்கள் தெருத் துணி வருவதில்லை, பக்கத்துத் தெருக்காரர்கள் கொண்டுவருகிறார்கள். எதிரில் சலூன்காரரும் தன் கடைத் தண்ணீரை வாரி வெளியே கொட்டுகிறார். இரண்டு வாளியும் அதே பள்ளத்தில்தான் விழுகின்றன. அவர் இந்தப் பக்கம் பார்ப்பதில்லை. தெருவில் அவளைப் பற்றி யார் வாய் திறந்தாலும் நான் வாசலுக்கு வந்து பிடிபிடி என்று பிடித்துக்கொள்வேன்.

"விடுங்க அத்தை" என்று உள்ளேயிருந்து கூப்பிடுவாள். "அவங்க அவங்களுக்கு வேண்டியதைத்தானே கேட்டாங்க."

அவள் விட்டுவிட்டாள். நான் விடுவதாக இல்லை.