சொந்தக்காரர் இல்லாத ஊரில் ஒரு கோட்டை

எங்கள் தெருவில் என்னைப் பல தரம் ஐரோப்பா போய்வந்தவள் என்று சொல்வார்கள். போனது உண்மை. லண்டனில் நான் பார்த்தது ஒரு கல்யாண வீட்டின் பின்வளவும் இரண்டு சோபாக்களும். சுவிஸில் மலை பார்த்தேன், ஆனால் குசினி யன்னலுக்கால், யாரோ ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்கு வெங்காயம் உரித்துக் கண்ணீர் விட்டபடி. பாரிஸில் அந்த இரும்புக் கோபுரத்தைக் காருக்குள் இருந்து காட்டினார்கள். நான் திரும்புவதற்குள் கார் சுரங்கப் பாதைக்குள் போய்விட்டது. எங்கள் ஆட்களுக்குப் பயணம் என்றால் சொந்தக்காரர் வீடு. ஒரு வீட்டில் சாப்பிட்டால் மற்ற வீட்டிலும் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் பத்து வருடத்துக்குக் கதை.

நான் கனடாவில், ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். விடியற்காலைப் பனியில், முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க. போன வருடம் கூட வேலைசெய்யும் ஒருத்தி தன் போனில் ஒரு படம் காட்டினாள். ஸ்பெயினில் மத்தியதரைக் கடலோரம் ஒரு பழைய நகரம், அதன் நடுவில் ஒரு பாறை, பாறைக்கு மேல் கோட்டை. கோட்டை மதிலில் ஒரு பெண் கடலைப் பார்த்தபடி சும்மா இருந்தாள். யாருக்கும் தேத்தண்ணி ஊற்றாமல், யாரோடும் கதைக்காமல், சும்மா. எனக்கு அது வேண்டும் என்று தோன்றியது. அப்படி ஆசைப்பட்டு எத்தனையோ காலம்.

வீட்டுக்கு வந்து அந்த ஊர்ப் படத்தை இவருக்குக் காட்டிச் சொன்னேன். "மார்ச் லீவுக்கு இஞ்சதான் போறம். சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லாத இடம் எண்டபடியாத்தான் போறம்."

இவருக்கு முகம் வாடிவிட்டது. தெரிந்தவர் இல்லாத ஊரில் மனிதன் எங்கே போய்ச் சாப்பிடுவது, ஒரு வருத்தம் வந்தால் யாரைக் கூப்பிடுவது? ஆனாலும் என் முகத்தைப் பார்த்துச் சம்மதித்தார். அடுத்த வாரம் முழுக்க மனிதர் போனும் கையுமாகத் திரிந்தார். பாரிஸில் இருக்கும் தன் அக்காவுக்கு, லண்டனில் சித்தப்பாவுக்கு, ஜெர்மனியில் கூடப் படித்தவருக்கு என்று ஒருவரையும் விடவில்லை.

"என்னத்துக்கு இவ்வளவு போன்?" என்று கேட்டேன்.

"நீர்தானே சொன்னனீர், ஒருத்தரும் இருக்கக்கூடாதெண்டு. அதுதான் எல்லாரிட்டயும் வடிவா விசாரிச்சனான். அங்க எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையாம்" என்றார் பெருமையோடு.

ஒருவரும் இல்லை என்பதை உறுதிப்படுத்த ஊருலகம் முழுக்கச் சொல்லிவைத்த அந்த மூளையை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். பெட்டி அடுக்கும் அவசரத்தில் விட்டுவிட்டேன்.

மூன்று நாள் பயணம். போய் இறங்கிய அன்று நித்திரை மயக்கத்தில் நகரத்தைச் சுற்றினோம். மேல்மாடத்தில் நின்று எதிர்வீட்டுக்காரருக்குக் கைகொடுக்கலாம், அவ்வளவு ஒடுக்கமான தெருக்கள். ஒவ்வொரு முடக்கிலும் என் பஸ்ஸை எப்படித் திருப்புவது என்றே யோசித்தேன், திருப்பவே முடியாது. தெருவோரம் எல்லாம் தோடை மரங்கள், ஒரேஞ்ச் பழம் பழுத்துக் கீழே கிடக்கிறது, ஒருவரும் தொடவில்லை. "பாரும், இவ்வளவும் வீணாப் போகுது" என்று இவர் ஒன்றைப் பிடுங்கி உரித்து வாயில் வைத்தார். அடுத்த கணமே துப்பினார். வாயெல்லாம் கசப்பு. மத்தியானம் கடைகளைப் பூட்டிவிட்டு எல்லோரும் படுக்கப் போய்விட்டார்கள். இரவுச் சாப்பாட்டுக் கடை திறப்பதற்குள் இவர் ஹோட்டல் குளியலறையில் ரைஸ் குக்கரைச் செருகி, கொண்டுவந்த பருப்போடு சாப்பாட்டை முடித்துவிட்டார். எந்தத் தெருவால் திரும்பினாலும் தலைக்கு மேல் கோட்டை தெரிந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று நான் அதைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை சப்பாத்து மாட்டிக்கொண்டு கீழே வந்தால், ஹோட்டல் வாசலில் ஒரு தம்பதி. அந்தப் பெண்ணின் கையில் மூன்றடுக்குச் சாப்பாட்டுக் கரியர்.

"அக்கா, பாரிஸ் அன்ரி போன் எடுத்தவ. நாங்கள் இருக்கேக்க நீங்கள் ஹோட்டல்ல நிக்கிறதோ?"

வந்தவர் இவருடைய அக்காவின், அதாவது என் பாரிஸ் மச்சாளின், புருசனுடைய தம்பியின் பெண்சாதியின் அண்ணன். ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை. ஊரில் ஒரேயொரு தமிழ்க் குடும்பம் இருந்திருக்கிறது, இவர் கனடாவில் இருந்து விசாரித்த விசாரிப்பில் மச்சாள் பிறகு அதைத் தேடிப் பிடித்துவிட்டார். அன்று முழுநாளும் அவர்கள் வீட்டில் போனது. இடியப்பம், மீன் குழம்பு, தேத்தண்ணி, பிறகும் தேத்தண்ணி. ஆண்கள் இருவரும் பிறந்த ஊர்க் கதையை "நெல்லியடியில எவடம்?" என்று தொடங்கிப் பொழுதுபட்டும் நெல்லியடியை விட்டு வெளியே வரவில்லை. நான் அந்தப் பெண்ணோடு குசினியில் நின்றேன். கையில் வெங்காயம். யன்னலில் கோட்டை.

கடைசி நாளும் காலையிலேயே வந்து நின்றார்கள். "இண்டைக்கு ஆட்டிறைச்சி, அக்கா."

எனக்குப் பொறுமை போய்விட்டது. பஸ்ஸில் பின்சீட்டுப் பிள்ளைகளை அடக்கும் குரல் தானாக வந்தது. "ஆட்டிறைச்சி ஸ்காபரோவிலயும் கிடக்கு. நான் கோட்டைக்குப் போறன். வாறாக்கள் வாங்கோ."

இவர் என் கையைப் பிடித்தார். "என்னப்பா நீர், சாப்பிடாமப் போனா அவை என்ன நினைப்பினம்?"

"அங்க போய் என்ன பாக்கிறது, கல்லுத்தானே" என்றார் அந்த அண்ணர்.

அவர் மனைவி கோட்டையை நிமிர்ந்து பார்த்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மெல்லக் கேட்டாள். "அக்கா, நானும் வரட்டோ? நான் இன்னும் போகேல்லை."

"எத்தினை வருசமா இஞ்ச இருக்கிறீர்?"

"ஒன்பது வருசம். ஆரும் வந்தா இவர் அவையைக் கூட்டிக்கொண்டு போவார். திரும்பி வரேக்க சாப்பாடு இருக்கவேணுமெல்லோ, நான் வீட்டில நிண்டிடுவன்."

அவள் குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். எனக்குத்தான் சுருக்கென்றது. கனடாவுக்கு வரும் விருந்தாளிகளை இவர் நயாகராவுக்கு ஏற்றிக்கொண்டு போவார். அவர்கள் நனைந்து சிரித்துத் திரும்பி வரும்போது நான் இறால் பொரித்துக்கொண்டு நிற்பேன். போன இடங்களில் எல்லாம் எனக்காக அடுப்படியில் நின்ற பெண்கள் எதைப் பார்த்திருந்தார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"அடுப்பு இண்டைக்குச் சும்மா கிடக்கட்டும், நீர் வாரும்" என்றேன்.

கல்லுப் பாதை வளைந்து வளைந்து ஏறியது. எனக்கு முழங்கால் கத்தியது, அவள் முன்னுக்குப் போய் நின்று நின்று என்னைப் பார்த்தாள். ஆண்கள் பின்னால் மூச்சு வாங்கியபடியே நெல்லியடியைத் தொடர்ந்தார்கள். பீரங்கியைத் தாண்டினார்கள், பார்க்கவில்லை. மதிலில் வெயில் காய்ந்த பூனைகளைத் தாண்டினார்கள், அதையும் பார்க்கவில்லை. உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. கீழே முழு நகரமும், அதற்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய மட்டும் கடல்.

அவள் கடலைப் பார்க்கவில்லை. கீழே கூரைகளுக்குள் எதையோ தேடினாள்.

"அக்கா, அந்த நீலத் துவாய் தெரியுதே? அது எங்கட வீடு. நேற்று நான் காயப்போட்டது." வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எவ்வளவு சின்ன வீடு, என்னக்கா? நான் பெரிசெண்டெல்லோ நினைச்சுக்கொண்டு இருக்கிறன்."

பிறகு மதிலில் என் பக்கத்தில் வந்து இருந்தாள். வழியில் வாங்கிய சிப்ஸைப் பிரித்து இரண்டு பேரும் தின்றோம். ஒன்றும் கதைக்கவில்லை. நான் தனியாக இருக்க ஆசைப்பட்டுத்தான் அவ்வளவு தூரம் போனேன். அவள் பக்கத்தில் இருந்தது இடைஞ்சலாக இல்லை, சந்தோசமாக இருந்தது. உள்ளே இருப்பவர்களை வெளியேறச் சொல்லும்வரை இருந்தோம்.

ரொறன்ரோவுக்குத் திரும்பிப் பெட்டி பிரிக்கும் முன்னமே பாரிஸ் மச்சாளின் போன் வந்துவிட்டது.

"கடைசி நாள் அவையின்ரை வீட்டில சாப்பிடேல்லையாமே? அந்தப் பெட்டை ஒண்டும் சமைக்கேல்லையோ?" குரலில் விசாரணை இருந்தது. நான் சொல்லும் பதில் அன்றிரவே ஜெர்மனிவரை போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

"ஆர் சொன்னது? ஆட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பால்கறி, ரசம், பாயாசம். எங்களுக்கு எழும்ப ஏலாமப் போச்சு மச்சாள்."

சோபாவில் இருந்த இவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார்.

"அப்பிடியெண்டால் சரி" என்று மச்சாள் குளிர்ந்துபோனார். "ஓகஸ்டில நாங்களும் ஒருக்காப் போவமெண்டு யோசிக்கிறம். ஒன்பது பேர்."

ஒன்பது பேருக்கும் இடியப்பம் அவிக்கப்போவது யார் என்று எனக்குத் தெரியும்.

"போங்கோ மச்சாள்" என்றேன். "போன உடன கோட்டைக்குப் போங்கோ. அவவைக் கேளுங்கோ, அவதான் கூட்டிக்கொண்டு போவா. மற்ற ஆக்களுக்கு வழி தெரியாது."